கேட்கவில்லை என்று சொன்னேன்

போன மாதம் எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் என் தம்பி மகன் எழுந்தான். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்துகாட்டி, "மூஞ்சியில இருக்கது கண்ணா, கொட்டாங்கச்சியாடா?" என்று கீச்சுக்குரலில் கத்தினான். மண்டபமே சிரித்தது. தான் நடித்துக்காட்டியவளை அவன் பார்த்ததுகூட இல்லை. அவன் அப்பன் நடித்துக்காட்டியதைப் பார்த்துப் பழகியிருக்கிறான்.

நானும் சிரித்தேன். எண்பது தாண்டிய கிழவன், பல்செட்டு தெரியச் சிரித்தேன். திருநகர் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போதுதான் கோபம் வந்தது. அந்தப் பையன் மேல் அல்ல.

அவன் நடித்துக்காட்டியது என் அத்தையை. அப்பாவின் கூடப்பிறந்த ஒரே தங்கை. கோபக்காரி, நொண்டி, கத்துவாள். எங்கள் குடும்பத்தில் அவளைப் பற்றி மிஞ்சியிருப்பது இவ்வளவுதான். இவ்வளவு மட்டும் மிஞ்சியதற்கு நான் காரணம். அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அதை எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை.

வாடிப்பட்டிக்கு வடக்கே, சிறுமலை அடிவாரத்தில் எங்கள் ஊர். கீழே நஞ்சை. மேலே மலையில் ஆறு ஏக்கர் வாழையும் எலுமிச்சையும். அதை மலைக்காடு என்போம். நான் பழங்காநத்தத்தில் அம்மாவின் அண்ணன் வீட்டில் தங்கி ஹைஸ்கூல் படித்தேன். லீவு விட்டால் நேரே மலைதான். வாழைத்தார் வெட்டும் நாட்களில் வீடே கிளம்பும். முன்னால் அப்பா, அடுத்து தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா, நடுவில் நான், பானையும் பாயும் சுமந்த ஆட்கள், எல்லோருக்கும் கடைசியில் அத்தை. கண்டாங்கியை முழங்காலுக்கு ஏற்றிச் செருகி, அரிவாளைத் தோளில் மாட்டிக்கொண்டு வருவாள்.

"ஏன் அத்தை கடைசியிலயே வார?" என்று ஒருமுறை கேட்டேன்.

"முன்னாடி போறவன் பாதையப் பாத்துக்கிட்டுப் போயிருவான். ஆளு இருக்கா, உருண்டுட்டானான்னு எவ பாக்குறது?"

ஒரு தடவை இரண்டாவது திருப்பத்தில் காட்டுமாடு ஒன்று பாதையை அடைத்து நின்றது. கரிய மலை போல உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெளுப்பு. எல்லோருக்கும் முன்னால் போன அப்பா சத்தமே இல்லாமல் ஒரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டார். அத்தை கடைசியிலிருந்து முன்னால் வந்தாள். அசையாதீர்கள் என்று எங்களுக்குக் கையைக் காட்டிவிட்டு, அதைப் பார்த்துத் தணிந்த குரலில் பேசத் தொடங்கினாள்.

"என்ன பாக்குற? பாதைய ஒனக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுத்தாகளா? புள்ள குட்டியோட வாரோம்ல, தெரியல? போறியா, இல்ல இங்கனயே அடுப்பு மூட்டவா?"

அது ஒரு முறை மூச்சை ஊதிவிட்டுச் சரிவில் இறங்கிப் போனது. அத்தை திரும்பிப் பார்த்தாள்.

"வெளிய வாண்ணே. போயிருச்சு."

அப்பா வேட்டியைத் தட்டிக்கொண்டு வந்தார். "வேற வழி இருக்கான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார்.

"பாறைக்குள்ளயா?"

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் எதையும் மறக்கிறவர் இல்லை.

அத்தையை அவனியாபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மூன்றாவது வருஷம் ஒரு நாள் காலையில் புழுதி படிந்த காலோடு வந்து நின்றாளாம். மதுரையைக் கடந்து, வைகையைக் கடந்து, ராத்திரி ஒரு சத்திரத்தில் படுத்து, நடந்தே வந்திருக்கிறாள். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "அவன் கையத் தூக்குனான். நான் நடையக் கட்டுனேன். அம்புட்டுதேன்" என்றாளாம். கூட்டிப்போக வந்தவர்களை அவள் பார்க்கக்கூட இல்லை. சும்மா இருக்க முடியாமல் மலைக்காட்டைக் கவனிக்க ஆரம்பித்தாள். ஐந்தாறு வருஷத்தில் அப்பாவின் கையில் புதராகக் கிடந்த இடம் வாழைத் தோட்டமாகிவிட்டது. ஆட்கள் எதற்கும் அவளைத்தான் கேட்டார்கள். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்த ஆறு ஏக்கர்தான். அதுவும் பத்திரத்தில் அப்பா பெயரில்.

அவள் கோபத்தைப் பற்றிச் சிரிக்கிறார்களே, அந்தக் கோபம் எதற்கு வரும் என்று ஒருவருக்காவது தெரியுமா? நான் குழம்புச் சட்டியைக் கவிழ்த்தபோது வரவில்லை. பன்றி புகுந்து ஒரு பாத்தி வாழையை உழுதுவிட்டுப் போன அன்று, "பசிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுக் கன்று நட்டாள். கண்டும் காணாதவன் போல இருக்கிறவனைக் கண்டால் மட்டும்தான் அவளுக்குக் கோபம் வரும்.

எங்கள் மட்டக்குதிரைக்குச் சேணத்துக்கு அடியில் தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. அப்பா அதன் மேல் தார் ஏற்றச் சொன்னார். "அண்ணே, முதுகப் பாரு" என்றாள் அத்தை. "ஒன்னும் தெரியலையே" என்றார் அப்பா. அவள் நான்கு தாரையும் இறக்கி வைத்தாள். இரண்டை ஆட்களிடம் கொடுத்துவிட்டு, இரண்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு, நாலு மைல் இறக்கமும் கத்திக்கொண்டே வந்தாள். "ஒன்னும் தெரியலையாம்ல! மூஞ்சியில இருக்கது கண்ணா, கொட்டாங்கச்சியா!" அப்பா யாரோ எவரோ போல நூறு அடி முன்னால் வேகமாக நடந்தார். அந்தச் சொல் பிறந்தது அன்றைக்குத்தான். ஒரு குதிரைக்காகப் பிறந்தது. கல்யாண மண்டபத்தில் சிரித்தவர்களுக்கு அந்தக் குதிரையைத் தெரியாது.

இன்னொரு நாள். அடிவாரத்தில் பாரஸ்ட் கார்டு ஒருவன், புல்லுக்கட்டு சுமந்து வந்த ஒரு கிழவியின் கட்டிலிருந்து பலாப்பழத்தை உருவி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கிழவி அழுதுகொண்டு நின்றாள். எங்கள் ஆட்கள் வானத்தைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அத்தை நேரே போய் அவன் மடியிலிருந்து பழத்தைத் தூக்கினாள்.

"கேட்டு வாங்குனியா, நீயா எடுத்துக்கிட்டியா?"

"அக்கா, அது வந்து..."

"அக்காவா? ஒங்க அக்கா சுமைய எவனாச்சும் அவுத்தா இப்பிடித்தேன் சுளை எண்ணிக்கிட்டு ஒக்காந்திருப்பியா?"

பழத்தைக் கிழவியின் புல்லுக்கட்டுக்குள் செருகிவிட்டு எங்களிடம் திரும்பினாள். "வானத்துல என்ன தெரிஞ்சுச்சு? எனக்குஞ் சொல்லுங்க."

இனி அந்த மலைப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் நான் செய்தது வெறும் சிறுபிள்ளைக் கோணங்கித்தனமாகத் தெரியும்.

மலையில் நாங்கள் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். கூப்பிட்டால் மலையில் இருப்பது அந்தப் பெயரைப் பழகிக்கொண்டு, பிறகு அதுவே கூப்பிடத் தொடங்கிவிடும் என்று நம்பினோம். அதனால் குரல் கொடுப்போம். வீட்டுக்கு ஒரு குரல். எங்களுடையது இரண்டு குட்டை, ஒரு நெட்டை. ஊ, ஊ, ஊஊ என்று கடைசியில் மேலே ஏறும். கேட்டவன் எவனாக இருந்தாலும் பதில் கொடுக்க வேண்டும். பக்கத்துக் காட்டுக்காரர்களோடு எங்களுக்கு எல்லை வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஊருக்குள் எங்களைப் பார்த்தால் காறித் துப்புவார்கள். ஆனால் மலையில் எங்கள் குரல் கேட்டால் பதில் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்கள். பதில் வராவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம். அந்த ஆள் வாய் திறக்க முடியாமல் எங்கோ விழுந்து கிடக்கிறான். இறங்கித் தேட வேண்டும்.

இது எனக்கு ஐந்து வயதிலிருந்து தெரியும்.

எனக்குப் பதின்மூன்று வயது. தீபாவளி லீவு. தம்பிக்குக் காய்ச்சல் என்று அம்மா வரவில்லை. அப்பா காலையிலேயே முதல் சுமையோடு கீழே போய்விட்டார், பொழுது சாய்வதற்குள் திரும்புவதாகச் சொல்லிவிட்டு. மலையில் நானும் அத்தையும் ஆட்களும். எனக்குப் பொழுது போகவில்லை. மேட்டில் ஏறி நின்றுகொண்டு, ஆபத்துக்குக் கொடுப்பது போல விடாமல் குரல் கொடுத்தேன். சுமந்து போய்க்கொண்டிருந்த ஆள் ஒருவர் தாரைப் போட்டுவிட்டு முள்ளுக்குள் பாய்ந்து ஓடி வந்தார். அவர் உள்ளங்காலில் முள் ஏறி முறிந்து ரத்தம் கொட்டியது. அவருக்குப் பின்னால் மூச்சிரைக்க அத்தை. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அத்தை அறைந்தாள். ஒரே அறை. காது அடைத்துக்கொண்டது.

"இன்னைக்கு நீ வெளையாடுற. நாளைக்கு நெசமாக் கூப்பிடுவ, ஒருத்தனும் வர மாட்டான். செத்துப்போவ. தெரியுதா?"

ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "டவுனு தொரைக்கு இன்னைக்குத் தீவாளி பலகாரம் குடுத்தாச்சுப்பா" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள், காலில் முள் ஏறியவர் உட்பட. மதுரையில் சட்டை போட்டுக்கொண்டு இங்கிலீஷ் படிக்கிறவன் நான். சுமைகாரர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாங்கள் தங்கும் குடிசையிலிருந்து சாப்பிடாமல் கிளம்பிப் போனேன். தோட்டத்துக்கு மேற்கே ஒரு பெரிய கிடங்கு, செங்குத்தான பள்ளம். அதன் விளிம்பில் ஒரு பாறை, பாறைக்கு அடியில் ஆள் குந்தும் அளவுக்கு ஒரு பொந்து. டவுசர் பை நிறைய நெல்லிக்காய். அங்கே போய்க் குந்திக்கொண்டேன். தேடட்டும் என்று நினைத்தேன். அழட்டும் என்று நினைத்தேன்.

மூன்று மணிக்கு மேல் மஞ்சு இறங்கியது. ஐப்பசி மஞ்சு. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஆட்கள் எல்லோரும் மலைக்கு அந்தப் பக்கம் குதிரை மேட்டில் தார் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

முதல் குரல் குடிசைப் பக்கமிருந்து வந்தது. சோறு ஆறுது, வா என்பது போலச் சாதாரணமாக. நான் நெல்லிக்காயைக் கடித்தேன்.

இரண்டாவது குரல் எலுமிச்சை வரிசையிலிருந்து. அதன் பிறகு நெடுநேரம் சத்தமில்லை. அவள் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

மூன்றாவது குரல் எனக்கு முப்பது அடி தூரத்தில், கிடங்கின் விளிம்பில் நின்று கொடுத்தாள். கடைசியில் மேலே ஏற வேண்டிய இடத்தில் அது ஏறவில்லை, உடைந்தது. நான் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டேன். சிரிப்பை அடக்கத்தான் மூடினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

அவள் இறங்கத் தொடங்கினாள். ஈரப் பாறையில் கால் வைக்கும் சத்தம், செடியைப் பிடித்து இழுக்கும் சத்தம், பிறகு கற்கள் சரிந்து போகும் சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

அப்போதும் நான் குரல் கொடுக்கவில்லை. மேல் வழியாகச் சுற்றிக் குடிசைக்குப் போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கென்று அவள் சோறு மூடி வைத்திருந்தாள். அதைத் தின்றேன்.

ஆட்கள் திரும்பி வரும்போது கிடங்குக்குள்ளிருந்து அவள் குரல் கொடுத்திருக்கிறாள். அவர்கள் பதில் கொடுத்துக்கொண்டே இறங்கி, கம்பளியை மூங்கிலில் கட்டித் தூக்கி வந்தார்கள். இடுப்புக்குக் கீழே கால் திரும்பிக் கிடந்தது. அதற்குள் அப்பாவும் ஏறி வந்துவிட்டார்.

"நீ எங்கடா இருந்த?"

"பாறையில."

"அத்தை கூப்பிட்டது கேக்கலையா?"

"கேக்கல."

கம்பளியில் கிடந்தவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் வலி இருந்தது. வேறு ஒன்றும் இருந்தது. "கேக்கலையாம். விடுண்ணே" என்றாள்.

அந்தப் பொய்யையாவது பயத்தில் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். அப்பா புளியம் விளாரால் அடிப்பார். அடுத்ததற்கு அந்தச் சாக்கும் இல்லை.

ஒரு மாதம் கழித்து எங்கள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து பேசினார்கள். வாழை மண்டிக்காரர் ஒருவர் மலைக்காட்டைக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார். தங்கை கையில் இருப்பதை அவரிடம் கொடுக்க அப்பாவுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. காரணம் தானாகக் கிடங்கில் விழுந்திருந்தது. அப்பா, அம்மாவின் அண்ணன், இரண்டு பங்காளிகள், ஓரமாகக் குதிரைக்காரப் பாய். பாய் மதுரை டவுனிலிருந்து குதிரைகளோடு வந்து எங்கள் தார்களை இறக்குகிறவர். கட்டிலில் மூங்கில் பத்தை கட்டிய காலோடு அத்தை.

"சின்னப் பயல அடிச்சு வெரட்டிட்டு, பெறகு கலவரப்பட்டுக் கிடங்குல எறங்கியிருக்கா" என்றார் அப்பா. "பய பாறையில சும்மா ஒக்காந்திருக்கான். இம்புட்டுக் கோவக்காரிகிட்ட முப்பது ஆள நம்பி விட்டா நாளைக்கு எவனாச்சும் சாவான்."

"கோவத்துல எறங்கலண்ணே" என்றாள் அத்தை. "மூணு எடத்துல நின்னு குரல் குடுத்தேன். பதில் வரல. எறங்குனேன். நீயா இருந்தா எறங்கியிருக்க மாட்டியா?"

"குடுத்திருந்தா அவனுக்குக் கேட்டிருக்கும்ல" என்றார் மாமா.

பாய் தொண்டையைச் செருமினார். "எனக்குக் கேட்டுச்சுங்க. ஆளுகளுக்குத் தள்ளி, குதிரை மேட்டு இந்தப் பக்கச் சரிவுல குதிரையோட தனியா நின்னேன். அல்லா மேல ஆணையாச் சொல்றேன், கேட்டுச்சு. பதிலும் குடுத்தேன். காத்து எதுத்து அடிச்சுச்சு, அந்தம்மாவுக்கு எட்டியிருக்காது."

"ஒங்க குதிரைக்கும் கேட்டுச்சா பாய்?" என்றார் அப்பா. பங்காளிகள் சிரித்தார்கள்.

பாய் சிரிக்கவில்லை. "கேட்டுச்சு. காதத் திருப்புச்சு" என்றார்.

சிரிப்பு இன்னும் கூடியது. கூலிக்குச் சுமை இறக்குகிறவர், வேறு ஊர்க்காரர். அவர் சத்தியம் அந்த முற்றத்தில் செல்லவில்லை. ஆகவே மாமாவோடு மதுரையிலிருந்து வந்திருந்த என்னைக் கூப்பிட்டார்கள். அத்தை கட்டிலில் முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

"மருமகனே, என்னயப் பாத்துச் சொல்லு. கேட்டுச்சா, கேக்கலையா?"

ஒரு சொல்லில் அவளுக்கு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவளுடைய ஆறு ஏக்கரை, அவளுடைய வாக்கை. என் கன்னத்தில் அறையின் தடம் மறைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அது எனக்கு இன்னும் எரிந்தது. எப்போதும் நியாயத்தின் பக்கமே நிற்கிற அவள் ஒரு தடவை பொய்க்காரியாக நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது. இதை அலங்காரமாகச் சொல்ல வழியில்லை.

"கேக்கல அத்தை" என்றேன்.

அந்த 'அத்தை'யைச் சேர்த்துச் சொன்னது நன்றாக வேலை செய்தது. மரியாதையான பையன் என்று எல்லோர் முகத்திலும் தெரிந்தது. பிற்காலத்தில் மதுரைக் கோர்ட்டில் நாற்பது வருஷம் வக்கீலாக இருந்தேன். "கேட்டதா, இல்லையா, ஒரே சொல்லில் சொல்" என்று எத்தனையோ சாட்சிகளை மிரட்டியிருக்கிறேன். அதில் பேர் எடுத்தேன்.

மலைக்காடு குத்தகைக்குப் போனது. குரல் கொடுக்காமலே கொடுத்ததாகச் சொன்னவள் என்ற பேச்சு ஆட்கள்வரை இறங்கியது. மலைக்காரர்களிடம் ஒருவரைப் பற்றி அதைவிடக் கேவலமாக எதுவும் சொல்ல முடியாது. கால் கோணலாகக் கூடியது. அவள் அடுப்படிக்கு வந்து சேர்ந்தாள். அங்கே கோபப்பட என்ன இருக்கிறது? உப்பும் புளியும்தான். அவற்றின் மேல் கோபப்பட்டாள். அதைத்தான் என் தம்பி பார்த்து வளர்ந்தான். அதைத்தான் தன் பிள்ளைக்கு நடித்துக்காட்டினான்.

சில மாதங்களுக்குப் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அவள் என்னைக் கூப்பிடுவதே இல்லை. பேசுவாள். சோறு போடுவாள். காய்ச்சல் என்றால் கஞ்சி வைப்பாள். ஆனால் பெயர் சொல்லியோ, மருமகனே என்றோ, டேய் என்றோகூடக் கூப்பிட மாட்டாள். சாப்பிட வர வேண்டுமென்றால் தட்டைத் தரையில் தட்டி வைப்பாள். லீவில் வந்தேன், காலேஜிலிருந்து வந்தேன், சட்டம் படிக்க மெட்ராஸ் போய் வந்தேன். ஒன்பது வருஷம் அந்தத் தட்டுச் சத்தம்தான்.

யுத்தம் முடிகிற சமயம். நான் வக்கீல் ஆகிவிட்டேன். மதுரையிலிருந்து பெண் வீட்டார் பேசி முடிக்க வந்திருந்தார்கள். முன்கட்டில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அத்தையை வெளியே வர வேண்டாம் என்று அப்பா சொல்லியிருந்தார். அவள் கொல்லையில் வைக்கோல் படப்புக்குப் பக்கத்தில் கல்லால் புளி தட்டிக்கொண்டிருந்தாள். நான் எழுந்து அங்கே போனேன். புதிய வாழ்க்கையைச் சுத்தமான மனசோடு தொடங்க வேண்டும் என்று ஏதோ புத்தகத்தனமான எண்ணம்.

"அத்தை, அன்னைக்கு எனக்குக் கேட்டுச்சு."

கல் நிற்கவில்லை. "எத்தனாவது?"

"மூணும்."

"மூணாவதுல கொரலு ஒடஞ்சுச்சுல்ல?" என்றாள். "எனக்கே கேட்டுச்சு. நீ செத்துட்டன்னு நெனச்சேன்."

அவள் பக்கத்தில் குந்தினேன். பிறகு, "என்னய மன்னிச்சிரு" என்றேன்.

அப்போதுதான் கல்லைக் கீழே வைத்தாள். "எங்கிட்ட என்னத்துக்குச் சொல்ற? எனக்குத்தேன் அன்னைக்கே தெரியுமே. தெரியாதவககிட்டப் போய்ச் சொல்லு. எங்க அண்ணன் முன்னாடிதேன ஒக்காந்திருக்காரு. போய்ச் சொல்லு."

"சொல்றேன் அத்தை."

"எப்ப?"

"அவுக கெளம்பட்டும். பொண்ணு வீட்டுக்காரக இருக்காக."

"பொய்ய அம்புட்டுச் சனத்துக்கும் முன்னாடி சொன்ன. நெசத்தச் சொல்ல மட்டும் ஆளு போகணுமா?"

நான் முன்கட்டுக்குத் திரும்பி வந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன். அப்பா என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் பேசத் தெரியாத பையன் என்றார். எப்படி வக்கீலாகப் பிழைக்கப் போகிறானோ என்றார். பெண்ணின் அப்பா சிரித்தார். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். காபி வந்தது.

அப்போது கொல்லையிலிருந்து குரல் வந்தது. ஊ, ஊ, ஊஊ.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"என்னங்க சத்தம்?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"எங்க தங்கச்சி" என்றார் அப்பா. "கால் போனதுல இருந்து புத்தியும் செத்தக் கொறைவு. கண்டுக்கிறாதீக."

இரண்டாவது குரல் வீட்டின் பக்கவாட்டிலிருந்து. கம்பை ஊன்றிக்கொண்டு நடந்து வருகிறாள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் டம்ளரைப் பார்த்தேன். காபி சூடாக இருந்தது. ஊதினேன்.

மூன்றாவது குரல் தெருவிலிருந்து, வாசலுக்கு நேராக. இந்தத் தடவை உடையவில்லை. ஏற வேண்டிய இடத்தில் ஏறியது.

நான் வாய் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மலைப் பாதையிலிருந்து ஒரு பதில் குரல் வந்தது. சுமை இறக்கிக்கொண்டு வந்த எவனோ ஒருவன். யார், எதற்கு என்று தெரியாது. கேட்டது, கொடுத்தான்.

வாசலில் அத்தை சொன்னது எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. "ஒன்னய இல்லப்பா. நீ போ."

கம்பு ஊன்றும் சத்தம் மெல்லக் கொல்லைக்குத் திரும்பியது. அன்று தாம்பூலம் மாற்றினோம். நல்ல சம்பந்தம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அத்தை எட்டு வருஷம் இருந்தாள். தட்டுச் சத்தம்கூட நின்றுபோனது. என் தட்டை அம்மாதான் வைத்தாள். அப்பா அத்தைக்குப் பின்னால் மூன்று வருஷம் இருந்தார். கடைசி நாட்களில் அவர் தலைமாட்டில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். நேரம் நிறைய இருந்தது. சொல்லவில்லை. பாய் என்ன ஆனார் என்று நான் விசாரிக்கவே இல்லை. விசாரித்தால் கண்டுபிடித்துவிட முடியும் என்ற பயம்.

தெரியாதவர்களிடம் சொல் என்றாள். அந்த முற்றத்தில் இருந்த ஒருவரும் இப்போது இல்லை. இனி நீங்கள்தான் இருக்கிறீர்கள். எனக்குக் கேட்டது. மூன்றும் கேட்டது. ஆறும் கேட்டது.

இதில் ஒரு பிரதியைத் தம்பி மகனுக்கு அனுப்புகிறேன். அடுத்த கல்யாணத்தில் நடித்துக்காட்டுவதானால் அவன் காலை இழுத்து நடக்க வேண்டாம். பாறைக்கு அடியில் குந்திக்கொண்டு, பை நிறைய நெல்லிக்காயோடு, வாயைக் கையால் பொத்திக்கொண்டிருக்கும் பயலை நடித்துக்காட்டட்டும். அதில் சிரிக்க நிறைய இருக்கிறது. முன்வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன்.